பைன் இலை டீயும் ஸ்டென்ட் வச்ச வீட்டுக்காரரும்: ஒரு வாசகிக்கு டாக்டரோட பதில்

பொள்ளாச்சி பக்கத்துல இருந்து 49 வயசு வாசகி ஒருத்தங்க நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியிற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். வீட்டுக்காரருக்கு 56 வயசு, பத்து வருஷமா சர்க்கரை. எட்டு மாசத்துக்கு முன்னாடி நெஞ்சுவலி வந்து ஒரு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காம விரிச்சு வைக்கிற குட்டிக் குழாய்) வச்சிருக்காங்க. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி அட்டோர்வாஸ்டாட்டின் 40, சர்க்கரைக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும். கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து கெண்டைக்கால் இழுக்குது, ராத்திரி தூக்கம் போச்சுன்னு மனுஷன் புலம்பிட்டே இருந்தாராம். அந்த நேரம் பாத்து கொடைக்கானல்ல இருக்கிற கொழுந்தனார் ஒரு மூட்டை பைன் இலையும், கூடவே பத்து வாட்ஸ்அப் வீடியோவும் அனுப்பி வச்சிருக்காரு. இப்போ ரெண்டு மாசமா காலையில சாயங்காலம்னு பைன் இலை டீ, ஆன்லைன்ல வாங்கின பைன் பட்டை கேப்ஸ்யூல் தினம் ரெண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரையை யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாரு. போன வாரம் டெஸ்ட் எடுத்ததுல கெட்ட கொலஸ்ட்ரால், அதான் எல்டிஎல், 62ல இருந்து 148க்கு ஏறியிருக்கு. பல்லு தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வருது, முழங்கையில இடிச்ச மாதிரி ரெண்டு ஊதாத் தழும்பு.

இதோட நிக்கல. நாலு மாசம் முழுகாம இருக்கிற சின்னப் பொண்ணும் எதிர்ப்பு சக்திக்குன்னு இருபது நாள் அந்த டீயைக் குடிச்சிருக்கு. பெரிய பொண்ணோட பையனுக்கு நாலு வயசு, வீசிங் இருக்கு, அவன் படுக்கிற ரூம்ல டிஃப்யூசர்ல பைன் ஆயில் ஊத்தி வைக்கிறாங்க. வயித்துப் பூச்சிக்கு சர்க்கரையில, பைன் பிசின்ல இருந்து எடுக்கிற டர்பன்டைன் விட்டு சாப்பிடலாம்னு ஒரு வீடியோ வேற வந்திருக்கு, அதை இன்னும் யாரும் செய்யலையாம், நல்லவேளை.

கடைசியில இப்படி முடிச்சிருக்காங்க: "மரத்துல இருந்து வர்றது தானே, ரசாயனமா என்ன, அது என்ன பண்ணிடப் போகுதுன்னு கேக்குறாரு டாக்டர். கேன்சர் மருந்தே பைன் மரத்துல இருந்து தான் எடுக்குறாங்களாமே. எனக்கு பதில் சொல்லத் தெரியல, சண்டை தான் வருது."

சகோதரி, மத்ததை எல்லாம் அப்புறம் பொறுமையா படிச்சுக்கலாம், இந்த ஒரு பத்தியை மட்டும் இப்பவே செய்யுங்க. கேப்ஸ்யூலை இன்னியோட நிறுத்தச் சொல்லுங்க. ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் எந்தக் காரணத்துக்காகவும், ஈறுல ரத்தம் வருதுன்னு கூட, நீங்களா நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வச்சு முதல் வருஷத்துக்குள்ள அதை விட்டா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு திடீர்னு அடைச்சுக்கலாம், அப்படி அடைச்சவங்க எல்லாரையும் எங்களால காப்பாத்த முடியறதில்ல. நாளைக்கு காலையில கார்டியாலஜிஸ்ட்டுக்கு போன் போட்டு மாத்திரையை நிறுத்தினது, கேப்ஸ்யூல், ஈறு ரத்தம் மூணையும் மறைக்காம சொல்லி, அந்த வாரத்துக்குள்ளயே நேர்ல கூட்டிட்டுப் போங்க. மலம் தார் மாதிரி கறுப்பா போச்சுன்னாலோ, மூக்குல ரத்தம் வந்து நிக்கலைன்னாலோ, நெஞ்சுல பாரமா இருந்தாலோ போன் எல்லாம் பண்ணிட்டு இருக்காதீங்க, 108ஐக் கூப்பிட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

இப்ப உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வர்றேன். உங்க பூஜை ரூம்ல இருக்கிற கற்பூரத்தை ஒண்ணு எடுத்து அவரு கையில குடுங்க. இன்னிக்கு நாம கொளுத்துற கற்பூரம் பெரும்பாலும் கற்பூர மரத்துல இருந்து வர்றது இல்ல, பைன் பிசினைக் காய்ச்சி எடுத்த டர்பன்டைன்ல இருக்கிற ஆல்ஃபா பைனீன்ங்கற பொருளை ஃபாக்டரியில படிப்படியா மாத்தி, கேம்ஃபீன் ஆக்கி, அப்புறம் கற்பூரம் ஆக்குறாங்க. அப்படியே பாத்ரூம் பக்கம் போய் ஒரு மூடி டெட்டாலைத் தண்ணியில ஊத்திப் பாக்கச் சொல்லுங்க, பால் மாதிரி வெளுக்கும். பாட்டில் லேபிள்ல டெர்பினியால்னு ஒண்ணு போட்டிருக்கும், அதுவும் பைனீன்ல இருந்து செய்யற சரக்கு தான், அது தண்ணியில கரையாம பொடிப்பொடித் துளியா பிரியறதுல தான் அந்த வெள்ளை. தைல டப்பாவைத் திருப்பிப் பாத்தா பலதுலயும் டர்பன்டைன் ஆயில் இருக்கும். வயலின் வித்வான் வில்லுல தேய்க்கிற ரோசின், பிசினைக் காய்ச்சினதுக்கு அப்புறம் அடியில தங்குற கட்டி. அதாவது பைன் மரம் உங்க வீட்டுக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. இதுல எதையாவது டீயில போட்டுக் குடிப்பாரான்னு கேளுங்க.

ரசாயனம் இல்லாத மரம்னு ஒண்ணு கிடையாது. பட்டையைத் துளைச்சு உள்ள போற வண்டை ஒட்டிப் பிடிச்சு சாகடிக்கத்தான் மரம் அந்தப் பிசினையே சுரக்குது, அதனால மரத்துக்கு அது ஆயுதம். இன்னொரு பக்கம், அவரு "கெமிக்கல்"னு திட்டுற மாத்திரைங்களோட பூர்வீகத்தையும் பாருங்க. அவரு நிறுத்தின கொலஸ்ட்ரால் மாத்திரை ஸ்டாட்டின் வகை, அந்த வகை மருந்தை 1970கள்ல ஜப்பான்ல அகிரா எண்டோ முதல்ல எடுத்ததே ஒரு பூஞ்சைக்காளான்ல இருந்து தான். மெட்பார்மினோட மூதாதை ஐரோப்பாவுல வளர்ற கலேகாங்கற செடி. வித்தியாசம் எங்கன்னா, அதுல எந்தப் பொருள் வேலை செய்யுது, எத்தனை மில்லிகிராம் வேணும், எவ்வளவு தாண்டினா விஷம், வேற எந்த மருந்தோட மோதும்னு பல வருஷம் பாத்து எழுதி வச்சிருக்காங்க. மூட்டையில வந்த இலைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

கேன்சர் மருந்து விஷயமும் அப்படி ஒரு பாதி உண்மை தான். டாக்ஸால்னு சொல்ற பாக்லிடாக்ஸெல் வந்தது பசிஃபிக் யூங்கற மரத்தோட பட்டையில இருந்து. அதுவும் ஊசியிலை மரம் தான், ஆனா குடும்பம் வேற, பைன் கிடையாது. அந்த யூ மர இலை இதயத் துடிப்பையே நிறுத்தக் கூடிய விஷம், மாடு குதிரையெல்லாம் தின்னுட்டு நின்ன இடத்துலயே விழுந்திருக்கு. இதைச் சொல்றதுக்குக் காரணம், பேரு பக்கத்துல இருக்கிறதால பொருளும் பக்கத்துல இருக்கும்னு நினைச்சுக்கறது தான் இந்த வீடியோக்காரங்களோட மூலதனமே.

டீயில என்ன தான் இருக்கு

பைன் வாசனைக்குக் காரணமான பைனீன் வகையறா எல்லாம் தண்ணியில சரியா கரையாது, கொதிக்க வச்சா ஆவியா போயிடும். அடுப்படி முழுக்க மணக்குதேன்னு சந்தோஷப்படறீங்களே, அந்த மணமே பொருள் டம்ளரை விட்டுப் போறதுக்கு அடையாளம். டம்ளர்ல மிஞ்சறது கொஞ்சம் வைட்டமின் சி, கொஞ்சம் பாலிபீனால், ஷிகிமிக் அமிலம், துவர்ப்பு.

வைட்டமின் சி உண்மை. இரண்டாம் உலகப்போர்ல ரஷ்யாவோட லெனின்கிராட் ஊரை ஜெர்மன்காரன் சுத்தி வளைச்சு வச்சிருந்த 1941, 42 குளிர்காலத்துல, சாப்பாடே இல்லாத ஜனங்களுக்கு, வைட்டமின் சி இல்லாம வர்ற ஸ்கர்வி வியாதி வராம இருக்க ஊசியிலையை ஊறவச்சு அந்தத் தண்ணியைத் தான் குடுத்தாங்க. வேற எதுவுமே கிடைக்காத ஊர்ல அது பெரிய விஷயம். பொள்ளாச்சியில நெல்லிக்காயும் கொய்யாவும் தெருவுல கூவி விக்கிறான்.

ஷிகிமிக் அமிலம் டாமிஃப்ளூங்கற ஃப்ளூ மருந்து செய்ய மூலப்பொருள், அதுவும் உண்மை. ஆனா அதைப் பல கட்டமா மாத்தினா தான் மருந்து, ஷிகிமிக் அமிலமே கிருமியைக் கொல்லாது. அதை அதிகமா எடுக்கிறதே அன்னாசிப்பூவுல இருந்து தான், அப்படிப் பாத்தா நாம பிரியாணி சாப்பிட்டே ஃப்ளூவை ஒழிச்சிருக்கணும். கொழுந்தனார் அனுப்பின வீடியோவுல பைன் இலையில இருக்குன்னு சொல்ற சுராமின்ங்கற மருந்து, அதுல இல்லவே இல்ல. அது நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில பேயர் கம்பெனி லேப்ல செஞ்சது, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு நரம்பு வழியா ஊசியா போடறது. கொரோனா தடுப்பூசி போட்ட 2021ல யாரோ பைன் இலையையும் சுராமினையும் முடிச்சுப் போட்டு உலகம் பூரா சுத்த விட்டாங்க.

அப்ப டீ விஷமா? ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தர் கொடைக்கானல் போன இடத்துல ஒரு கப் ருசி பாத்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுல எனக்கு இருக்கிற கவலை வேற. மலையில பைன் மட்டும் இல்ல, சைப்ரஸும் நட்டு வச்சிருக்காங்க, மூட்டையில எது எது கலந்திருக்குன்னு நீங்களும் சொல்ல முடியாது, பறிச்சவரும் சொல்ல முடியாது. அதோட அது வனத்துறை காடு, பட்டையைச் சீவ ஆரம்பிச்சாருன்னா கேஸ் ஆகும்னு கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

பட்டை கேப்ஸ்யூல்

இதுல கொஞ்சம் சரக்கு இருக்கு, அதனால தான் கவனமா பேசணும். 1535, 36 குளிர்காலத்துல கார்ட்டியேங்கற பிரெஞ்சு மாலுமி கனடாவுல பனியில மாட்டிக்கிட்டு, ஸ்கர்வியில ஆளுங்க ஒவ்வொருத்தரா செத்துட்டு இருந்தப்போ, அந்த ஊர்க்காரர் ஒருத்தர் ஒரு மரத்தோட இலையையும் பட்டையையும் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொன்னாரு, பொழைச்சாங்க. அது எந்த மரம்னு இன்னிக்கும் சண்டை நடக்குது, பைனே இல்லன்னு சொல்றவங்க தான் ஜாஸ்தி. ஆனா அந்தக் கதையைப் பிடிச்சுக்கிட்டு பிரான்ஸ்ல பைன் பட்டையை ஆராய்ச்சி பண்ணி, புரோசயனிடின்னு ஒரு பாலிபீனால் கூட்டத்தைப் பிரிச்சு எடுத்தாங்க. இப்ப பிக்னோஜெனால்ங்கற பேர்ல விக்கிறது தென்மேற்கு பிரான்ஸ் கடலோரத்துல வளர்ற மாரிடைம் பைனோட பட்டைச் சாறு. சாறுல 65ல இருந்து 75 சதவீதம் புரோசயனிடின் இருக்கணும்னு அளவு வச்சிருக்காங்க.

இங்க ஒரு சின்ன வேலை செய்யுங்க. மூட்டையில இருந்து ஒரு கொத்து எடுத்து, ஊசிங்க அடியில சேர்ற இடத்துல ஒரு பழுப்பு உறை இருக்கும், அதைப் பிடிச்சு எத்தனை ஊசின்னு எண்ணுங்க. கொடைக்கானல்ல அதிகமா இருக்கிறது மெக்சிகோவுல இருந்து வந்த பட்டுலா பைன், நீளமா தொங்கற ஊசி, பெரும்பாலும் மூணு மூணா இருக்கும். பிரெஞ்சு மரத்துக்கு ரெண்டு தான், தடியா விறைப்பா நிக்கும். ஒரு மரத்தோட பட்டையை வச்சு செஞ்ச ஆராய்ச்சியை இன்னொரு மரத்தோட இலைக்கு சான்றா காட்ட முடியாதுன்னு அவருக்குப் புரிய வைக்க இதை விட சுலபமான வழி எனக்குத் தெரியல.

சரி, அந்த பிரெஞ்சு சாறாவது வேலை செய்யுதா? காக்ரேன்னு ஒரு அமைப்பு, உலகத்துல நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தேடிப் பிடிச்சு சலிச்சு எடுக்கிறவங்க, 2020ல பைன் பட்டை சப்ளிமென்ட் பத்தின 27 ஆய்வுகளை எடுத்துப் பாத்தாங்க. ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை, மூட்டுத் தேய்மானம்னு பத்து வகை வியாதிக்கு சேர்த்து மொத்தமே 1641 பேர். எல்லாம் குட்டிக் குட்டி ஆய்வு, செஞ்ச விதமும் ஒண்ணுக்கொண்ணு வேற, அதனால எதுக்கும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு முடிச்சுட்டாங்க. பிரயோஜனமே இல்லன்னு நிரூபிச்சதா இதுக்கு அர்த்தம் கிடையாது. ஆனா ஸ்டென்ட் வச்ச ஒருத்தர் இதை நம்பி ஸ்டாட்டினை விடற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

பிரச்சனை என்னன்னா, இந்தச் சாறு, ரத்தத்தை உறைய வைக்கிற ரத்தத் தட்டணுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டறதைக் கொஞ்சம் குறைக்கும்னு சில சின்ன ஆய்வுல பாத்திருக்காங்க. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் செய்யறது அதே வேலை. மூணையும் சேர்த்துப் போட்டா எவ்வளவு கூடும்னு யாரும் அளந்து வைக்கல. ஈறு ரத்தத்துக்கும் தழும்புக்கும் கேப்ஸ்யூல் தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், அந்த ரெண்டு மாத்திரை மட்டுமே இதைப் பண்ணலாம், தட்டணு எண்ணிக்கை பாத்தா தான் தெரியும். சர்க்கரையையும் இது லேசா இறக்கலாம், அவரு கிளிமிபிரைடு போடறாரு, அதனால காலையில கை நடுக்கம், வேர்வை, படபடப்பு ஏதாவது வந்துச்சான்னு ஞாபகப்படுத்திக் கேட்டு அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவரு வாங்கின பாட்டில்ல 500 மில்லிகிராம் பைன் பட்டைச் சாறுன்னு மட்டும் போட்டிருக்குன்னு எழுதியிருக்கீங்க, எந்த மரம், எவ்வளவு புரோசயனிடின் ஒண்ணும் இல்ல. ஆய்வுல குடுத்தது பெரும்பாலும் ஒரு நாளைக்கே 200 மில்லிகிராமுக்குள்ள, இவரு போடறது ஆயிரம்.

கொலஸ்ட்ராலுக்கு பைன்ல நிஜமாவே ஒண்ணு இருக்கு

வீடியோக்காரங்க யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. பைன் கட்டையைக் காஸ்டிக் சோடா மாதிரி காரத்துல வேகவச்சு பேப்பர் கூழ் எடுக்கும்போது மேல சோப்பு மாதிரி ஒரு கழிவு மிதக்கும், அதுல இருந்து டால் ஆயில்னு ஒண்ணு எடுப்பாங்க. ஸ்வீடிஷ்ல 'டால்'னா பைன் மரம். அதுல இருக்கிற ஸ்டீரால்ங்கற தாவரக் கொழுப்பை ஸ்டனால் ஆக்கி, 1995ல ஃபின்லாந்துல ரொட்டியில தடவுற ஸ்பிரெட்டா விக்க ஆரம்பிச்சாங்க. இந்த ஸ்டனால் பாக்கறதுக்குக் கொலஸ்ட்ராலோட தம்பி மாதிரி இருக்கும், குடல்ல அதோட இடத்தைப் பிடிச்சுக்கிட்டு அதை உள்ள விடாது. ஒரு நாளைக்கு 2 கிராம் சாப்பிட்டா எல்டிஎல் சுமார் 10 சதவீதம் குறையும், இது பல ஆய்வுல திரும்பத் திரும்ப வந்த முடிவு. அதுக்காக ஹார்ட் அட்டாக் குறையும்னு இதுக்கு நிரூபணம் இல்ல.

பைன் மரம் கொலஸ்ட்ராலுக்குச் செஞ்ச நல்லதுலயே பெருசு இது தான், அதுவே பத்து சதவீதம். அவரு நிறுத்தின அட்டோர்வாஸ்டாட்டின் 40 கிட்டத்தட்ட பாதியாக் குறைக்கும், ஹார்ட் அட்டாக்கையும் குறைக்கும்னு லட்சக்கணக்கான பேர்கிட்ட பாத்தாச்சு. 62 எப்படி 148 ஆச்சுன்னு இப்ப புரியும். ஸ்டென்ட் வச்சவங்களுக்கு 70க்குக் கீழயாவது இருக்கணும், முடிஞ்சா 55க்குக் கீழ. இலை டீ குடிச்சா இந்த ஸ்டனால் வருமான்னு கேட்டுடாதீங்க, அது கொழுப்புல கரையற ஜாதி, வெந்நீர்ல இறங்காது.

ஆனா ஒண்ணு சொல்லணும், உங்க கடிதத்துல எனக்கு முக்கியமா பட்டது பைனே இல்ல, கெண்டைக்கால் தான். மனுஷனுக்கு வலிச்சிருக்கு, சொல்லியிருக்காரு, யாரும் காது குடுக்கல, அதனால காது குடுத்த கொழுந்தனார் பக்கம் சாஞ்சுட்டாரு. தப்பு எங்க பக்கமும் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல பாத்து அனுப்பிடறோம். ஸ்டாட்டினால தசை வலி வர்றது உண்மையிலயே உண்டு, ஆனா நினைக்கிறதை விடக் குறைச்சல். 2020ல 60 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, எல்லாரும் பக்கவிளைவு தாங்க முடியாம ஸ்டாட்டினை விட்டவங்க. ஒரு மாசம் ஸ்டாட்டின், ஒரு மாசம் டம்மி மாத்திரை, ஒரு மாசம் ஒண்ணும் இல்லன்னு மாத்தி மாத்திக் குடுத்தா, ஸ்டாட்டின்ல வந்த தொந்தரவுல 90 சதவீதம் டம்மி மாத்திரையிலயும் வந்துச்சு. வலி பொய்யின்னு இதுக்கு அர்த்தம் இல்ல, வலி நிஜம், காரணம் தான் வேற. சர்க்கரை நரம்பு, வைட்டமின் டி, தைராய்டு, காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைப்பு, இதையெல்லாம் பாக்கணும், தசை அடி வாங்கியிருக்கான்னு காட்டற சிகேன்னு ஒரு ரத்த டெஸ்ட்டும் எடுக்கணும். ஸ்டாட்டின் தான் காரணம்னே ஆனாலும் ரோசுவாஸ்டாட்டின் கம்மி டோஸ், ஒரு நாள் விட்டு ஒரு நாள், கூட எஜெட்டிமைப்ங்கற வேற வகை கொலஸ்ட்ரால் மாத்திரை சேர்க்கிறதுன்னு அரை டஜன் வழி இருக்கு. "திரும்ப மாத்திரை போடு"ன்னு சண்டை போடாதீங்க. "கால் வலிக்கு ஒரு வழி பண்ணிட்டு வருவோம் வாங்க"ன்னு கூப்பிடுங்க, வருவாரு.

சின்னப் பொண்ணுக்கு

அமெரிக்காவுல பாண்டரோசா பைன் இலையைத் தின்ன சினை மாடுங்க மாசம் நிறையறதுக்கு முன்னாடியே கன்னு போட்டுடும், ஐசோகுப்ரெசிக் அமிலம்னு ஒரு பொருள் தான் காரணம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. சைப்ரஸ் வகை சிலதுலயும் அது இருக்கு. இதை கூகுள்ல பாத்துட்டு ராத்திரி பூரா அழுதேன்னு எழுதியிருக்கீங்க. அழாதீங்க. அந்த மாடுங்க தின்னது கிலோ கணக்குல, அதுவும் பெரும்பாலும் கடைசி மாசங்கள்ல. உங்க பொண்ணு குடிச்சது நாலஞ்சு ஊசி போட்ட வெந்நீர். இதனால கருவுக்கு ஏதோ ஆகியிருக்கும்னு நினைக்க ஒரு காரணமும் இல்ல, தனியா எந்த டெஸ்ட்டும் வேண்டாம், "கலைச்சுடலாமா"ங்கற பேச்சை வீட்டுல யாராவது எடுத்தா அங்கயே நிறுத்துங்க. டீயை விட்டுடட்டும், அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட சொல்லட்டும், 18ல இருந்து 20 வாரத்துல எடுக்கிற ஸ்கேனை எல்லாரையும் போல எடுக்கட்டும். வயித்துல ஒரு உசுரு இருக்கும்போது என்ன இலைன்னே தெரியாததை தினமும் குடிக்கறதுல பலன் ஒண்ணும் இல்ல, அதுக்கு மேல இதுல பேச எதுவும் இல்ல.

பேரனும் அந்த பாட்டிலும்

டிஃப்யூசரை இன்னிக்கே எடுத்துடுங்க. வீசிங் இருக்கிற குழந்தைக்கு மூச்சுக்குழாய் ஏற்கனவே எரிச்சல்ல இருக்கும், எந்த வாசனை எண்ணெயும் அதைக் கிளப்பி விடலாம். பைனீன் காத்துல இருக்கிற ஓசோனோட சேர்ந்தா ஃபார்மால்டிஹைடும் ரொம்பப் பொடியான தூசும் உண்டாகும், கதவைச் சாத்தி ஏசி போட்ட ரூம்ல அதைப் போய்க் குழந்தை மூச்சா இழுக்குது. ஜப்பான்ல காட்டுக்குளியல்னு ஒண்ணு சொல்றாங்களே, மரத்துக்கு நடுவுல நடந்தா எதிர்ப்பு சக்தி செல்லு கூடுதுன்னு, அந்த ஆய்வுங்க பத்துப் பன்னிரண்டு பேரை வச்சு செஞ்சது. அதுவும் திறந்த காட்டுல நிதானமா நடக்கிற விஷயம், ரூம்ல புகை மூட்டம் போடறது இல்ல. இன்ஹேலரை ஒழுங்கா குடுங்க, அது போதும்.

டர்பன்டைனைப் பத்தி எனக்கு ஒரு பழைய ஞாபகம். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ராத்திரி கேஷுவாலிட்டிக்கு, தெருவோரம் கிடந்த பெரியவர் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க, கால் புண்ணு பூரா புழு. சிஸ்டர் ஒண்ணும் பேசாம டர்பன்டைன் பாட்டிலை எடுத்தாங்க, துணியை நனைச்சு புண்ணு மேல வச்சாங்க. புழு மூச்சு முட்டி ஒவ்வொண்ணா வெளிய நெளிஞ்சு வந்துச்சு, நான் ஃபோர்செப்ஸால எடுத்து எடுத்துப் போட்டேன், அறுபதுக்கு மேல எண்ணுறதை விட்டுட்டேன். அந்த நாத்தமும் இந்த நெடியும் கலந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. நான் கண்ணால பாத்த டர்பன்டைனோட மருத்துவ உபயோகம் அது தான், தோலுக்கு வெளிய. புழுவையே மூச்சு முட்ட வைக்கிறதை ஸ்பூன்ல விட்டுக் குழந்தைக்குக் குடுக்கச் சொல்ற ஆளை என்ன சொல்றது.

அந்தக் காலத்துல அமெரிக்காவுல இதை வயித்துப் பூச்சிக்குக் குடுத்தது உண்மை தான், வேற மருந்து இல்லாத காலம். சின்னக் குழந்தைங்க 15 மில்லி குடிச்சே செத்திருக்காங்க. வயித்துக்குப் போறதை விட, குடிக்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ நுரையீரலுக்குள்ள போனா தான் மோசம், நுரையீரல் வெந்துடும், வலிப்பு வரும், சிறுநீரகம் அடி வாங்கும். தப்பித் தவறிக் குழந்தை எடுத்துக் குடிச்சுட்டா விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி, முட்டை, தேங்காய் எண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க, பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. டிஃப்யூசர் எண்ணெய்க்கும், கற்பூரத்துக்கும் கூட இதே தான், குழந்தைங்க கற்பூரத்தை மிட்டாய்னு நினைச்சு வாயில போட்டு வலிப்போட வர்றதை நான் பாத்திருக்கேன், பூஜை அலமாரியில மேல்தட்டுல வைங்க. பூச்சிக்கு ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் குடுக்கிற அல்பெண்டசோல் ஒரு மாத்திரை போதும், காசும் கிடையாது.

பணமும் புகாரும்

60 கேப்ஸ்யூலுக்கு 2,400 ரூபாய், "ஸ்டென்ட்டே தேவையில்ல, அடைப்பு கரையும்"னு விளம்பரம்னு எழுதியிருக்கீங்க. அந்த மாதிரி சப்ளிமென்ட் எல்லாம் உணவு லைசென்ஸ்ல விக்கிறது, மருந்தா உபயோகிக்கக் கூடாதுன்னு லேபிள்லயே போட்டிருக்கணும், பொடி எழுத்துல தேடிப் பாருங்க. இதய நோய், சர்க்கரை, பிரஷர் இதையெல்லாம் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954ஆம் வருஷத்து மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம். பில், பாட்டில், விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் மூணையும் பத்திரமா வச்சுக்கிட்டு 1915 நுகர்வோர் எண்ல புகார் குடுக்கலாம். முழுப் பணமும் திரும்ப வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், சில பேருக்கு வந்திருக்கு. நிறுத்தின அட்டோர்வாஸ்டாட்டின் மக்கள் மருந்தகத்துல என்ன விலைன்னு ஒரு தடவை அவரையே போய் கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

பாட்டிலைக் கோவத்துல குப்பையில போட்டுடாதீங்க, கார்டியாலஜிஸ்ட் கேப்பாரு, கையோட எடுத்துட்டுப் போங்க. கொழுந்தனார் மேலயும் கோவப்பட வேண்டாம், அண்ணன் மேல இருக்கிற பாசத்துல அனுப்பினது. மூட்டையில மீதி இருக்கிற இலையை மட்டும் எரிக்காதீங்க, பிசின் இருக்கிறதால குபுகுபுன்னு புகையும், பேரனுக்கு ஆகாது. தென்னந்தோப்பு இருக்குன்னு எழுதியிருக்கீங்கல்ல, மரத்தடியில மூடாக்கா பரப்பி விடுங்க, மக்க நாளாகும், அதுவரைக்கும் ஈரம் காக்கும்.